மீனம்மா பெயரில் முப்பத்தொன்று

2006 மார்ச் 14 — அடையாள அட்டைக்கு: 1
2006 ஏப்ரல் — பலகைக்கு: 6
2006 மே — பலகைக்கு: 5
2006 மே 16 — வந்தது: 1
2006 ஜூன் — பலகைக்கு: 4
2006 ஜூலை — பலகைக்கு: 4
2006 ஆகஸ்ட் — பலகைக்கு: 5
2006 செப்டெம்பர் — பலகைக்கு: 3
2006 ஒக்டோபர் — பலகைக்கு: 4
கூட்டுத்தொகை — பலகைக்கு: 31. அடையாள அட்டைக்கு: 1.

முத்துலிங்கத்தின் கடிதப் பதிவேட்டில் மீனம்மாவின் பெயருக்கு நேரே அந்த வருடம் நவம்பர் பதினொன்றாம் திகதி வரை இருந்த பதிவுகள் இவை. அடித்தல் திருத்தல் ஒன்றும் கிடையாது. எண்கள் எல்லாம் சரி. அவரைத் தலைகுனிய வைத்ததும் அந்தச் சரியான எண்கள்தான்.

முத்துலிங்கம் திம்புள்ளப் பக்கம் ஊசிமலைத் தேயிலைத் தோட்ட ஆபீசில் 1958 ஜூன் இரண்டாம் திகதி திங்கட்கிழமை உதவிக் கிளாக்கராகச் சேர்ந்தவர். 1996 டிசம்பர் முப்பத்தோராம் திகதி பெரிய கிளாக்கராக வெளியே வந்தார். இந்த முப்பத்தெட்டு வருடத்தில் அந்த ஆபீசுக்கு வந்த கடிதம், அங்கிருந்து போன கடிதம் எதுவும் எண் இல்லாமல் இருந்ததில்லை. மழைக்கு ஒழுகி நனைந்த பக்கங்களைக்கூட அடுப்புச் சூட்டில் காயவைத்துப் பிரதி எடுத்தவர் என்று தோட்டத்தில் சொல்வார்கள்.

ஆபீஸ் வேலை ஆறு நாள். ஏழாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் அவருடைய வீட்டு வாசலுக்கு வருவார்கள். இந்தியாவில் இருக்கும் சொந்தத்துக்கு ஒரு கடிதம், ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம், தோட்டத்தை நடத்துகிற தொரைக்கு ஒரு மனு. வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: "நம்ம கஷ்டத்த எழுதிருங்கய்யா." என்ன கஷ்டம், எப்படிச் சொல்வது என்பதெல்லாம் கிளாக்கரய்யாவின் பொறுப்பு. எழுதி முடித்ததைத் திருப்பி வாசிக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கைநாட்டு வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்த மலையில் அதற்குப் பெயர் உதவி. வேறு பெயர் அதற்கு இருக்கக்கூடும் என்று அவருக்கு அறுபத்தேழு வயது வரை தோன்றியதில்லை.

1993 ஆகஸ்டில் மீனம்மாவின் புருஷன் மூக்கன் காய்ச்சலில் இறந்தான். எட்டாம் நாள் மீனம்மா வந்தாள். கொழுந்து பறிக்கிற பெண்களில் அதிகம் பேசாதவள்.

"அவரு போயிட்டாருன்னு துறையூருல இருக்க அவுங்க அண்ணனுக்கு எழுதிருங்கய்யா," என்றாள். அவ்வளவுதான். முத்துலிங்கம் மூன்று பக்கம் எழுதினார். ஒக்டோபர் இரண்டாம் திகதி பதில் வந்தது. உன் கடிதத்தைப் படித்து வீடே அழுதது என்று அண்ணன்காரன் எழுதியிருந்தான். வாசித்துக் காட்டியதும் மீனம்மா கேட்டாள்:

"நான் இப்பிடியெல்லாம் பேசுனேனாய்யா?"

"நீ நெனச்சதத்தான எழுதினேன்."

"நெனச்சிருப்பேன்," என்றாள் அவள்.

அந்த ஒரு சொல்லை முத்துலிங்கம் பதின்மூன்று வருடம் நற்சான்றிதழ் மாதிரி மனதில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

ஓய்வுக்குப் பிறகு அவரும் மனைவி நாகலெட்சுமியும் ஹட்டன் டவுனுக்குக் குடிவந்தார்கள். 2004இல் கஜேந்திரன் அவரைத் தேடி வந்தான். தோட்டத்துப் பிள்ளை, நாற்பது வயது. சின்னச் சின்னப் பெட்டிகளில் தேயிலை அடைத்து, இணையத்தில் படம் போட்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு நேராக அனுப்புகிற ஒரு சிறிய கம்பெனி வைத்திருந்தான். ஹார்ட்வெயார் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை, இரண்டு கொம்பியூட்டர். கடிதம் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றான். மேசையில் வைக்கப் பெயர்ப்பலகையும் செய்து தந்தான்: மக்கள் தொடர்பு அலுவலர்.

நாகலெட்சுமி அதைக் கேட்டுச் சிரித்தாள். "மக்கள் தொடர்பா? பக்கத்து வீட்டுக்காரவுங்க பேரு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். எழுதி வச்சிருக்கேன்," என்றார் முத்துலிங்கம்.

அறுபத்தைந்து வயதில் விசைப்பலகையில் ஒரு விரலால் தட்டிப் பழகினார். வந்த மின்னஞ்சலை அச்செடுப்பார், எண் போடுவார், துளையிட்டுக் கோப்பில் போடுவார். பதில் எழுதும்போது உங்கள் பதினான்காம் திகதிய கடிதம் தொடர்பாக என்றுதான் தொடங்குவார். வாங்குகிறவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு நாளும் பதில் தாமதித்ததில்லை. கேட்டதற்கு மேல் எதையும் திணித்ததில்லை. கோபமாக எழுதியவருக்கு ஒரு இரவு தள்ளிவைத்துப் பணிவாக எழுதுவார்.

2006 மார்ச்சில் கஜேந்திரன் அவருக்கு ஒரு இடத்தைக் காட்டினான். பல நாட்டுத் தேயிலைப் பிரியர்கள் கூடி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளும் பொதுப்பலகை அது. ஒருவர் ஒரு விஷயத்தை எழுதி மாட்டுவார். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் இன்னொருவர் அதற்குக் கீழே பதில் எழுதுவார்.

"இதுல நம்ம தேயிலையப் பத்தி நாலு பேரு பேசணும் ஐயா. ஆனா கம்பெனி பேசுனா வெள்ளக்காரன் காதுல ஏறாது. கொழுந்து எடுக்கிறவங்க பேசுனா உருகிருவான்."

"அவுங்களுக்கு இங்கிலீஸ் தெரியாதே தம்பி."

"நீங்க எதுக்கு இருக்கீங்க?"

பலகையில் எழுதுவதற்குப் பதினொரு விதிகள் இருந்தன. முத்துலிங்கம் அவற்றைக் கையால் நோட்டில் பிரதி எடுத்தார். பிறரை இகழாதே. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லாதே. ஒருவர் தனியாக எழுதியதை எல்லோருக்கும் காட்டாதே. நான்காவது விதி இது: விற்பவர் தன் பொருளைப் பற்றிப் பேசினால், தான் விற்பவர் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இந்த விதிக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு யோசித்துப் பார்த்தார். பேசப்போவது கொழுந்து எடுப்பவர். கை மட்டும்தானே நம்முடையது. முப்பத்தெட்டு வருடம் செய்ததுதானே. கேள்விக்குறியை அழிப்பானால் அழித்தார். நோட்டில் அந்த இடம் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கும்.

யார் பெயரில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் மீனம்மா மாடிப்படி ஏறி வந்தாள். நாற்பத்தொன்பது வயதில் அவளுக்கு அடையாள அட்டை இல்லை. தோட்டத்தை விட்டு எங்கும் போகாதவரை அது தேவைப்படவில்லை. இப்போது மகள் நிஷாந்தி கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள், அங்கேயே கல்யாணம் முடித்து ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். இப்போதுதான் நாள் தள்ளிப்போய், பிள்ளை உண்டாகியிருக்கிறாள். மாமியார் இல்லாத வீடு. கார்த்திகையில் தலைப்பிரசவம். சண்டை திரும்பவும் மூளும் போலிருந்த காலம். அட்டை இல்லாமல் கொழும்பு ரோட்டில் இறங்கினால் பொலிஸ் பிடித்து உள்ளே வைத்துவிடும்.

"பிரசவத்துக்கு நான் பக்கத்துல இருக்கணுங்கய்யா. அட்டைக்கு எழுதிருங்க. லயத்துக்கு வர்ற தபாலு, காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்களத்துல கைமாறிப் போயிரும். ஒங்க ஆபீசு விலாசத்தையே போட்டுருங்க."

மார்ச் பதினான்காம் திகதி விண்ணப்பத்தையும் கடிதத்தையும் அனுப்பினார். ஏப்ரல் முதல் ஞாயிறு, சந்தைக்கு வந்தவள் படியேறி விசாரித்துவிட்டுப் போகும்போது முத்துலிங்கம் கேட்டார்:

"மீனம்மா, ஒன் பேருல இங்கருந்து இன்னும் கொஞ்சம் எழுதலாமா?"

"எழுதுங்கய்யா. நீங்க எழுதுனா நாலு பேரு கேப்பாங்க."

அவள் அட்டையைப் பற்றித்தான் சொல்கிறாள் என்பது அவருக்கு அந்த நிமிடமே தெரிந்தது. திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. பிற்காலத்தில் தூக்கம் வராத நேரங்களில் அவர் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் இந்த ஏப்ரல் இரண்டாம் திகதிதான்.

முதல் கடிதத்தை முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடித்தார். தந்தியும் படிவமும் அப்படித்தானே எழுதுவது, தெளிவாக இருக்கும் என்று நினைத்தார். அரை மணி நேரத்தில் ஒருவர் கேட்டிருந்தார்: அம்மா, ஏன் கத்துகிறீர்கள்? முத்துலிங்கத்துக்குக் காது சுட்டது. மன்னிப்புக் கேட்டுச் சிறிய எழுத்தில் மறுபடி எழுதினார். அதுவும் மீனம்மா பெயரில்தான். அந்தப் பணிவில் பலகைக்காரர்கள் சொக்கிப்போனார்கள்.

பிறகு எழுத்து தானாக ஓடியது. பனியில் பாடிக்கொண்டே மலையேறுகிற மீனம்மா. ஒவ்வொரு கொழுந்தையும் பிள்ளையைத் தொடுவது போலத் தொடுகிற மீனம்மா. செத்துப்போன மூக்கனை நினைத்து மாலையில் ஒரு கோப்பை தேநீர் ஊற்றித் தனியாக வைக்கிற மீனம்மா. இருபது பேர், நாற்பது பேர் பதில் எழுதினார்கள். கம்பெனிக்கு ஓடர்கள் கூடின. கஜேந்திரன் தோளில் தட்டினான். முத்துலிங்கம் ஒவ்வொன்றையும் அச்செடுத்து எண் போட்டு, மீனம்மா என்று முதுகில் எழுதிய ஒரு நீலக் கோப்பில், புதியது மேலே பழையது கீழே என்று அடுக்கினார். பெயருக்கு ஒரு கோப்பு. அது அவருடைய பழைய முறை.

செப்டெம்பரில் எழுத விஷயம் தீர்ந்துபோன ஒரு நாள், மகளின் பிரசவத்தை எழுதினார். நவம்பரில் கொழும்புக்குப் போகிறேன், பேரப்பிள்ளையை மடியில் வாங்கப் போகிறேன், நம் தேயிலைப் பெட்டி ஒன்றும் கொண்டு போகிறேன் என்று. அதற்கு மட்டும் ஐம்பத்திரண்டு பதில்கள் வந்தன.

சந்தை ஞாயிறுகளில் மீனம்மா வந்து எட்டிப் பார்ப்பாள். "வந்துச்சாய்யா?" "இன்னும் இல்ல." "எழுதிக்கிட்டுத்தான இருக்கீங்க?" "எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்." அவர் சொன்னது பொய்யில்லை. அதை நினைத்தால்தான் அவருக்குப் பிறகு உடம்பு கூசியது.

நவம்பர் பதினொன்று, சனிக்கிழமை. கஜேந்திரன் நுவரெலியா போயிருந்தான். அரை நாள் வேலை முடித்து, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கின் ஈரம் காயாமல், மீனம்மா மாடிப்படியை வேகமாக ஏறி வந்தாள். கையில் ஒரு தடித்த உறை.

"வந்துருச்சுங்கய்யா. நேத்து லயத்துக்கே வந்துருச்சு. இம்புட்டு ஸ்டாம்பு ஒட்டி அனுப்பிருக்காங்க. தடவிப் பாத்தேன், உள்ள கெட்டியா இருக்கு. அட்டதான."

முத்துலிங்கம் முத்திரையைப் பார்த்தார். கனடா. விலாசத்தில் மீனம்மா, கொழுந்து பறிப்பவர், ஊசிமலைத் தோட்டம், ஹட்டன். தோட்டத்தின் பெயரைப் பலகையில் எழுதியது அவர்தான். உள்ளே கெட்டியாக இருந்தது ஒரு புகைப்படம்: நரைத்த தலை வெள்ளைக்கார அம்மா ஒருவர், மடியில் ஒரு பூனை. எடித் என்று பின்னால் எழுதியிருந்தது.

மீனம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தவறாக வந்த கடிதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரை வந்தது. ஆனால் முத்துலிங்கத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. எழுதும்போது அவர் சேர்த்திருக்கிறார். வாசிக்கும்போது ஒரு நாளும் ஒரு சொல்லைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. யார் கடிதத்தைக் கொண்டு வந்தாலும் இருந்ததை இருந்தபடி வாசிப்பவர் என்பதுதான் அந்த மலையில் அவருக்கு இருந்த மதிப்பு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தமிழில் வாசித்தார்.

"அன்புள்ள மீனம்மா. பலகையில் நீங்கள் எழுதும் ஒவ்வொன்றையும் படிக்கிறேன். என் கணவரும் போய் ஆறு வருடம். மாலையில் நீங்கள் உங்கள் மூக்கனுக்குத் தேநீர் வைப்பதைப் படித்த பிறகு நானும் வைக்கிறேன். இது உங்கள் கையில் கிடைக்கும்போது நீங்கள் கொழும்பில் இருந்து திரும்பியிருப்பீர்கள். பேரப்பிள்ளை ஆணா, பெண்ணா? நிஷாந்தி நலமா?"

மீனம்மா நின்றபடியே கேட்டாள். அவர் பிரித்துத் திருப்பிக் கொடுத்த உறை அவள் கையில் இருந்தது.

"நான் எப்பங்கய்யா கொழும்புக்குப் போனேன்?"

முத்துலிங்கம் கடிதத்தை மடித்தார்.

"எம் புள்ள மாசமா இருக்கது இந்த அம்மாவுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் எழுதினேன்."

"எங்க?"

"இதுல." கொம்பியூட்டரைக் காட்டினார்.

"யாரு பேருல?"

"ஒன் பேருல."

"எத்தன?"

"முப்பத்தொன்னு."

"அட்டைக்கு?"

பதிவேட்டைப் பார்க்கவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. "ஒன்னு."

மீனம்மா மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவருக்கு முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"வாசிங்க."

"எத?"

"நான் என்னா சொன்னேன்னு எனக்குத் தெரியணும்ல. எல்லாத்தையும் வாசிங்க."

நீலக் கோப்பைத் திறந்தார். மேலிருந்து ஒவ்வொன்றாக, ஆங்கிலத்தைத் தமிழாக்கி வாசித்தார். எழுதும்போது அழகாக இருந்தவை எல்லாம், அந்த ஈரச் சாக்கின் வாடைக்கு முன்னால், தேய்ந்த காசு மாதிரி விழுந்தன.

"பனியிலே நாங்கள் பாடிக்கொண்டே ஏறுகிறோம்..."

"பாட்டா? கால்ல ஏறி ரத்தம் குடிக்கிற அட்டையப் புடுங்கி எறியவே கை பத்தல. பாட்டு எங்கிட்டு வரும்."

"ஒவ்வொரு கொழுந்தையும் பிள்ளையைத் தொடுவது போலத் தொடுவேன்..."

"பதினெட்டு கிலோ போடலன்னா அரைநாளுப் பேருதான் விழும், பாதிச் சம்பளந்தான். புள்ளைய அந்தத் தொடல் தொட்டா செத்துரும்யா."

"எங்கள் தோட்டத்தின் முதல் தரத் தேயிலையைக் குடித்தால்தான் எனக்கு விடியும்..."

"அத நான் கண்ணால பாத்தது இல்ல. எங்களுக்குக் குடுக்கிறது சலிச்சு மிஞ்சின தூளு." அவள் சிரித்தாள். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. "நல்லாத்தான் பொழச்சிருக்கேன், ஒங்க கையில."

மூக்கனுக்குத் தேநீர் வைப்பதை வாசித்தபோது அவள் சிரிக்கவில்லை.

"அவரு டீத்தண்ணியே குடிக்க மாட்டாரு," என்றாள். "அது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும். நான் சொல்லலியே."

இருபத்திரண்டு வாசித்தாயிற்று. அடுத்த தாளைப் புரட்டினார். முத்துலிங்கத்தின் கை நின்றது.

"அது என்னா, வேற நெறமா இருக்கு?"

அரசாங்க இலச்சினை போட்ட பழுப்புத் தாள். மேலே அவருடைய சொந்தக் கையெழுத்து: வரவு எண் 212. 16.05.2006. பதில் எழுத வேண்டும். அதன் கீழே சிவப்பு மையில் அளவுகோல் வைத்து ஒரு கோடு.

அதையும் வாசித்தார். உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. தோட்டப் பிறப்புப் பதிவுப் பக்கத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்றை அனுப்பவும். கிடைத்ததும் அட்டை அனுப்பப்படும். இரண்டே வரி. எந்த அலமாரியில், எந்தப் பேரேட்டில் அந்தப் பக்கம் இருக்கிறது என்பது உலகத்திலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு நாள் வேலை.

வந்த அன்றே எண் போட்டார். மீனம்மா பெயருக்கு வந்த கடிதம், மீனம்மா கோப்பில் போட்டார். மறுநாள் பலகையில் ஒரு ஜப்பான்காரருக்குப் பதில் எழுதவேண்டியிருந்தது. அந்த அச்சுப்பிரதி அதன் மேல் விழுந்தது. பிறகு இன்னொன்று. இருபத்திரண்டு விழுந்தன.

"மறந்துட்டீங்களாய்யா?"

"மறக்கல. கோப்புல சரியாத்தான் போட்டேன். அது மேல ஒன் பேருல எழுதினதெல்லாம் வந்து விழுந்துருச்சு."

மீனம்மா அந்த நீலக் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நானே என் மேல ஏறி ஒக்காந்துட்டேன்," என்றாள்.

கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கித் தருகிறேன், அதை வைத்துக்கொண்டு போகலாம் என்று முத்துலிங்கம் சொல்லிப் பார்த்தார். "எங்க லயத்துச் சின்னராசா அப்பிடித்தான் கடுதாசிய நம்பிப் போனாரு. ரெண்டு நாளு உள்ள வச்சுத்தான் விட்டாங்க. எம் புள்ள பிரசவத்துக்கு நிப்பாளா, என்னத் தேடி ஸ்டேசனுக்கு வருவாளா?" 

கீழே இருந்த ஒன்பதையும் அவள் விடாமல் வாசிக்கச் சொன்னாள். முடிந்ததும் கேட்டாள்:

"இதுல எழுதுறதுக்கு ஒழுங்கு மொறை ஒன்னும் கெடையாதா?"

"பதினொன்னு இருக்குங்க." அந்த மரியாதை ‘ங்க’ தன் வாயில் வந்ததை அவரே அப்போதுதான் கவனித்தார். "பத்த ஒழுங்கா செஞ்சேன். நாலாவது, விக்கிறவன் யாருன்னு சொல்லணும். அத செய்யல."

"அப்ப சொல்லுங்க. எழுதுனது நீங்க. ஒங்க பேருலயே சொல்லுங்க. நான் ஒக்காந்துருக்கேன்."

அவர் ஒரு விரலால் தட்டினார். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிவிட்டு அடித்தார். என் பெயர் முத்துலிங்கம். இந்தத் தேயிலையை விற்கும் கம்பெனியில் சம்பளத்துக்கு இருப்பவன். மீனம்மா என்ற பெயரில் இங்கே வந்த முப்பத்தொரு கடிதங்களையும் எழுதியது நான். மீனம்மா என்று ஒருவர் இருக்கிறார். அவர் இதில் ஒரு வரியும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது.

"எம் புள்ளையப் பத்தி எழுதுனத எடுத்துரச் சொல்லுங்க."

எழுதியவரால் அழிக்க முடியாது, பலகையை நடத்துகிறவர்தான் எடுக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். அப்படியே கேட்டு எழுதினார். அனுப்பும் பொத்தானை அதே ஒரு விரலால் அழுத்தினார். மீனம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

பிறகு அவள் இரண்டு கடிதம் சொன்னாள். வாழ்க்கையில் முதல் முறையாக முத்துலிங்கம், சொன்னதை மட்டும் எழுதினார். அட்டைக்கான கடிதத்தில் கடைசி வரி: பதில் என் லயத்துக்கே வரட்டும். எடித் அம்மாவுக்கு எழுதியது மூன்று வரி: நான் கொழும்புக்குப் போகவில்லை. எனக்கும் புருஷன் இல்லை, அது மட்டும் நிஜம். படத்தில் பூனை நன்றாக இருக்கிறது.

"திருப்பி வாசிங்க," என்றாள் ஒவ்வொன்றுக்கும். அவர் வாசித்தார். புகைப்படத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் படியிறங்கினாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஊசிமலைக்குப் போனார். அவருக்கு முந்திய கிளாக்கரின் கையெழுத்தில் 1957ஆம் வருடப் பக்கம், அவர் நினைத்த அதே அலமாரியில் இருந்தது. பிரதி எடுத்து அத்தாட்சி வாங்கி, செவ்வாய் காலை பதிவுத் தபாலில் சேர்த்தார். மே பதினாறுக்கும் நவம்பர் பதினான்குக்கும் இடையில் நூற்று எண்பத்திரண்டு நாள். சரியாக இருபத்தாறு கிழமை.

கஜேந்திரன் பலகையைப் பார்த்துவிட்டு அவர் மேசைக்கு வந்தான். பலகையை நடத்துகிறவர் மகளைப் பற்றிய கடிதத்தை எடுத்துவிட்டிருந்தார். மிச்சம் முப்பதின் தலையிலும் இது வியாபாரி எழுதியது என்று சிவப்பில் போட்டிருந்தார். கீழே வசவுகள்.

"ஒங்கள யாருய்யா ஒப்புக்கொள்ளச் சொன்னது? எல்லாக் கம்பெனியும் இப்பிடித்தான் செய்யுது. நாலாவது விதிய யாரு பாக்குறா?"

"நான் பாத்தேன் தம்பி. பாத்து அழிச்சேன்."

கஜேந்திரனுக்கு அது விளங்கவில்லை. முத்துலிங்கம் கோப்புகளை வரிசைப்படுத்தி, சாவியைப் பெயர்ப்பலகையின் மேல் வைத்துவிட்டு வந்தார்.  பல நாள் அவர் சந்தைப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து ஆட்கள் யாரும் எதிரே வந்துவிடக்கூடாது என்று பின்ரோட்டால் நடந்தார்.

நவம்பர் இருபத்தெட்டாம் திகதி நிஷாந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. பக்கத்து அறைச் சிங்கள அம்மா ஒருவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாராம், இரவெல்லாம் கூட இருந்தாராம். டவுனில் கேள்விப்பட்டதுதான். மீனம்மா அன்று மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் இருபத்துநான்கு, ஞாயிறு. நாகலெட்சுமியின் தங்கையை ஏற்றிவிட ஹட்டன் ஸ்டேசனுக்குப் போனவர், மேடையில் மீனம்மாவைக் கண்டார். புதுச் சேலை, ஒரு துணிப்பை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அட்டை. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். அவள் பார்த்துவிட்டாள்.

"கொழும்புக்கா?"

"ஆமாங்க. புள்ளைக்கு இருபத்தாறு நாளாச்சு." அட்டையை அவர் பக்கம் நீட்டவில்லை. மறைக்கவுமில்லை. "மக போன்ல அழுதா. ஏம்மா வரலன்னு கேட்டா. அட்ட வரலன்னு மட்டுந்தான் சொன்னேன்."

அதைவிட அவள் உண்மையை மகளிடம் சொல்லியிருந்தால் அவருக்கு இலேசாக இருந்திருக்கும்.

"வந்தத யாரு வாசிச்சுக் குடுத்தா?"

"புதுக் கிளாக்கர். ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னேன்."

ரயில் வளைவில் சத்தம் கொடுத்தது. அவள் பையைத் தூக்கினாள். முத்துலிங்கம் கேட்கத் துணிந்தது ஒன்றுதான்.

"அது எப்பங்க வந்துச்சு?"

"போன செவ்வாக்கெழம."

நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டார். அனுப்பி ஐந்து கிழமையில் வந்திருக்கிறது. மே மாதமே அனுப்பியிருந்தால் ஜூனில் அவள் கையில் இருந்திருக்கும். குழந்தைக்கு ஐந்து மாதம் முந்தி.

வீட்டுக்கு வந்து பதிவேட்டை எடுத்தார். மீனம்மாவின் பெயருக்கு நேரே, தன் கை வழியாக வராத, தான் கண்ணால் காணாத அந்தக் கடிதத்துக்கு ஒரு வரி ஒதுக்கினார். எண் போடும் இடத்தை வெறுமையாக விட்டார். திகதியை மட்டும் எழுதினார்.

2006 டிசம்பர் 19.